அணைக்காத சுவிட்ச்

செண்பகவல்லி பஸ்ஸில் வந்திருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, கிழிந்த சேலைத் துண்டால் கட்டி, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். மேசையில் இறக்கி வைத்துக் கட்டை அவிழ்த்ததும் கருகல் வாடை கடை முழுக்கப் பரவியது.

"இது என் தப்புதான் டீச்சர்" என்றாள். வந்ததும் வராததுமாக அதைத்தான் சொன்னாள்.

டீச்சர் என்றால் ஜெசிந்தா. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கேட்கிறவர் தேவைக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிற கடை அவருடையது. வயது முப்பத்தாறு. முன்னே பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தினார். அந்த வேலை போய் ஏழு வருஷமாகிறது, பெயர் மட்டும் போகவில்லை. தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

உள்ளே ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் மாசிலாமணி. சீடர்தான், ஆனால் வயது ஐம்பத்திரண்டு. சென்னையில் இருபத்தைந்து வருஷம் பலசரக்குக் கடை நடத்தினவர். பாகம் பிரித்தபோது கடை தம்பி பக்கம் போயிற்று. ஊருக்கு வந்து, "எனக்கும் இந்த வேலையைச் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று இந்தக் கடை வாசலில் வந்து நின்றார். அது ஆச்சு மூன்று வருஷம். தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்பதில் அவருக்கு வெட்கம் கிடையாது. வெட்கப்பட வேண்டிய இடம் வேறே இருந்தது, சொல்கிறேன்.

"என்ன நடந்துச்சு அக்கா?" என்றார் டீச்சர்.

"செவ்வாக்கிழமை கரண்டு போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. அவருக்குத் தொண்டையில சளி கட்டிருச்சு. நான் அதை எடுத்துக்கிட்டு இருந்தேன். டப்புன்னு ஒரு சத்தம், பின்னாலயே புகை. இந்த அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். கரண்டு போனப்ப சுவிட்சை அணைச்சீங்களான்னு கேட்டாக. அணைக்கலியேன்னு சொன்னேன். அப்ப அதான்னாக."

டீச்சர் மாசிலாமணியைப் பார்த்தார். மாசிலாமணி தன் கையில் இருந்த ஸ்க்ரூவைப் பார்த்தார்.

"அவரு குரலு கிடைக்குமா டீச்சர்?"

அவளுடைய வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நரம்பு செத்துக்கொண்டே வருகிற நோய் வந்தது. முதலில் கால் போயிற்று, பிறகு கை, கடைசியில் நாக்கு. நாக்கு போவதற்கு முன்னாலேயே டாக்டர் சொல்லியிருந்தார், குரலை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று. நயினார் போனை வாயருகே வைத்துக்கொண்டு, தினம் கொஞ்சமாக நூற்று எண்பது வாக்கியம் பேசி வைத்தார். செண்பகம், தண்ணி. கால் மரத்துப்போச்சு. நீ சாப்பிட்டியா. கோவப்படாத. புரட்டிப் போடச் சொல்வதற்கு, போலாம் ரைட்.

இப்போது அவரிடம் மிஞ்சியிருப்பது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அந்த விரலால் ஒரு பொத்தானை அமுக்குவார். அவர் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும். நாக்கு செத்த பிறகும் அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருந்தது இப்படித்தான்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவர் மாசிலாமணி. டீச்சர் தன் அம்மாவின் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் வேலூரில் இருந்த சமயம். யாரும் பக்கத்தில் இல்லாமல் தானே பொருள் பொறுக்கி, தானே முடித்த முதல் பெட்டி. போனில் இடம் இல்லையென்று குரல் எல்லாவற்றையும் இதற்கு மாற்றிக் கொடுத்து, போனில் இருந்ததை அழித்துக் கொடுத்தவரும் அவர்தான். இன்னொரு பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று மூன்று நாளாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

டீச்சர் குரல் பதிந்திருந்த டிஸ்க்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தார். வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். கருகிய சிப்பைச் சுரண்டிப் பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று.

"வராது அக்கா" என்றார் டீச்சர்.

செண்பகவல்லி அழவில்லை. அழுதிருந்தால் மாசிலாமணிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"கை எட்டுற தூரம்தான் டீச்சர் சுவிட்சு. அணைச்சிருந்தா ஒரு நிமிஷம் ஆயிருக்குமா" என்றாள். பிறகு, "வேற ஒண்ணு பூட்டிக் குடுங்க. டைப் அடிச்சா யாரோ பேசுற மாதிரி வருமாமே, அதாவது இருக்கட்டும். இந்தத் தடவை நான் சுவிட்சை விட்டு நகர மாட்டேன்" என்றாள்.

போர்வையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மாசிலாமணி கடையைப் பெருக்கினார். பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கினார். பிறகு துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

"டீச்சர்."

"ம்."

"எந்த எஸ்.எம்.பி.எஸ்ஸை நம்புறது?"

எஸ்.எம்.பி.எஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் மூலையில் கிடக்கிற தகரப் பெட்டி. சுவரில் இருந்து வருகிற கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அது தாங்குகிற அளவுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு படம் பிடிக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். எல்லாருக்கும் சோறு போடுகிற இந்தப் பெட்டியைப் பற்றி ஒருத்தர் கேட்டது கிடையாது. அன்று செவ்வாய்க்கிழமை வெடித்தது அதுதான். வெடிக்கும்போது கூட இருந்த அத்தனைக்கும் கண்டபடி கரண்டை அனுப்பிவிட்டுத்தான் செத்தது.

"நீங்க எப்படி நம்புனீங்க அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்டார் டீச்சர்.

மாசிலாமணி உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். "கைக்கனம்."

அந்தத் தெருவின் வழக்கம் அது. எஸ்.எம்.பி.எஸ்ஸை வாங்குமுன் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் உள்ளே செம்பும் இரும்பும் குறையாமல் இருக்கிறது என்று அர்த்தம். லேசாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதில் மாசிலாமணியை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்தைந்து வருஷம் பருப்பும் புளியும் நிறுத்த கை. ஐம்பது கிராம் கூடக்குறைய இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். பக்கத்துக் கடைக்காரர்கள் தங்கள் சரக்கைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, ஒரு தூக்குத் தூக்கிப் பாருங்க" என்பார்கள். அவரும் தூக்கிப் பார்த்துச் சொல்வார். அதில் அவருக்கு ஒரு மிதப்பு உண்டு.

டீச்சர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று, மாசிலாமணி அன்றைக்கு வாங்கிய ஜோடியில் மிச்சம் இருந்தது. இன்னொன்று டீச்சரின் அலமாரியில் இருந்தது.

"எது கனம்?"

தூக்கிப் பார்க்கவே தேவையில்லை. ஆனாலும் தூக்கினார். "என்னுதுதான். முந்நூறு கிராம் கூட இருக்கும்."

"வெடிச்சதைத் திறங்க."

மாசிலாமணி நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே பாதி இடம் காலி. இருந்ததும் கரிக்கட்டையாகக் கிடந்தது. அடித்தகரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது.

சிமெண்டு.

கனம் காட்டுவதற்காக யாரோ சிமெண்டைக் குழைத்து, அச்சில் ஊற்றி, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கைக்கனம் பார்க்கிற தெரு இது என்று தெரிந்து, அந்தக் கைக்கென்றே செய்தது.

மாசிலாமணி அந்தப் பட்டையைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். முந்நூறு கிராமுக்கும் மேலேயே இருந்தது.

"என் கையை வெட்டிப் போடலாம் டீச்சர்."

"அதை அப்புறம் பாக்கலாம். அந்த கார் பல்பு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

காரின் முன்விளக்கில் போடுகிற பல்புகள். அட்டைப் பெட்டியில் ஒரு டஜன் கிடந்தன. டீச்சர் வயரால் ஒவ்வொன்றையும் கோத்து, முதலில் மாசிலாமணியின் பெட்டியில் மாட்டினார். பல்பு இல்லாமல் போட்டபோது ஃபேன் ஜோராகச் சுற்றியது. தெருவில் எல்லாரும் இதோடு நிறுத்திக்கொண்டு, நல்லா ஓடுது என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மாசிலாமணியும் அப்படித்தான் கொடுத்தார்.

ஒரு பல்பு எரிந்தது. இரண்டும் எரிந்தன. மூன்றாவதை மாட்டினதும் பெட்டிக்குள் கொசு மாதிரி ஒரு சத்தம். நான்காவதில் எல்லாப் பல்பும் ஒரே நொடி கண் கூசும்படி பளீரென்று எரிந்து, டப் டப் என்று அணைந்தன. புகை வந்தது. செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில் வந்த வாடை இதுதான் என்று மாசிலாமணிக்குத் தெரிந்தது.

டீச்சர் கருகிய நான்கு பல்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். மிச்சம் இருந்த எட்டையும் ஒவ்வொன்றாகத் தன் பெட்டியில் மாட்டினார். ஏழு வரைக்கும் சலனமில்லாமல் எரிந்தன. எட்டாவதையும் தாங்கியது. பிறகு டீச்சர் ஒரு துண்டு வயரை எடுத்து, போகக்கூடாத இடத்தில் வேண்டுமென்றே வைத்துத் தொட்டார்.

பெட்டி அணைந்தது. சத்தம் இல்லை, புகை இல்லை. கடை ஒரேயடியாக இருண்டது மாதிரி இருந்தது.

"இதுவும் போச்சே டீச்சர்" என்றார் மாசிலாமணி.

"பல்பைப் பாருங்க."

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "எட்டும் நல்லா இருக்கு."

"நான் சுவிட்ச் பக்கம் போனேனா?"

"இல்லையே."

"நீங்க?"

"நானும் போகல."

"அப்ப யாரு அணைச்சது?"

"அதுவா அணைஞ்சுக்கிட்டுது."

டீச்சர் கருகின நான்கு பல்பையும் மாசிலாமணி முன்னால் தள்ளி வைத்துவிட்டு, கை கழுவப் போனார். மாசிலாமணி அந்தப் பல்புகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றின் கண்ணாடிக்குள் கறுப்பாகப் புகை ஒட்டியிருந்தது. இது என்ன தப்புப் பண்ணியது என்று நினைத்தார். ஒன்றும் பண்ணவில்லை, பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வியாழக்கிழமைக்குள் புதுக் கம்ப்யூட்டர் தயாரானது. டீச்சரின் பெட்டியைத்தான் உள்ளே வைத்தார். கரண்டு போனாலும் அரை மணி நேரம் ஓட யு.பி.எஸ் ஒன்றும் சேர்த்தார். கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"அவங்ககிட்ட என்ன சொல்லட்டும் டீச்சர்?"

"என்ன சொல்லணும்னு இருக்கீங்க?"

"இனிமே சுவிட்சை அணைக்க வேண்டாம், தானா பாத்துக்கிடும்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"நம்புவாங்களா?"

மாசிலாமணி பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

வீடு முக்கூடல் பக்கம் ஒரு சின்ன ஊரில். இரண்டு அறை. உள்ளறையில் கட்டிலில் நயினார் தலையணை அண்டக் கொடுத்துக் கிடந்தார். உடம்பில் அசைகிறது கண்ணும் அந்த ஒரு விரலும்தான். சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஒரு முக்காலி. செண்பகவல்லி அதில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரே இன்னும் வரவில்லை, அதற்குள் அங்கே உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. சோற்றுத் தட்டு முக்காலிக்குப் பக்கத்திலேயே காய்ந்து கிடந்தது.

மாசிலாமணி எல்லாவற்றையும் மாட்டினார். திரையில் எழுத்துகள் வரிசையாக வந்தன. வேண்டிய எழுத்து வரும்போது நயினார் பொத்தானை அமுக்க வேண்டும். கடைசியில் கம்ப்யூட்டர் அதைப் படிக்கும். பழகுவதற்காக நயினார் ஒரு வார்த்தை அடித்தார். ரொம்ப நேரம் ஆயிற்று.

"செண்பகம்" என்றது கம்ப்யூட்டர். யாரோ முன்பின் தெரியாத ஆபீசர் கூப்பிட்டது மாதிரி இருந்தது.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு ஒரு துடி துடித்தது. மேலே விளக்கு மங்கி எரிந்தது. செண்பகவல்லி எழுந்து சுவிட்சை அமுக்கப் போனாள்.

"வேண்டாம்மா. இப்ப பேட்டரி இருக்கு. அணைக்க வேண்டாம்."

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. ஒரு தடவை வேண்டாம்னு இருந்துதானே அவரு குரலைத் தின்னேன்."

நயினாரின் கண் மாசிலாமணி பக்கம் திரும்பியது. அந்தக் கண்ணுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. மாசிலாமணி தரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் இருந்து அந்தச் சிமெண்டுப் பட்டையை எடுத்துத் தரையில் வைத்தார்.

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். "கரண்டும் ஒண்ணும் பண்ணல. நான் மாட்டுன பெட்டி மட்டம். கையில தூக்கிப் பாத்து, கனமா இருக்குன்னு மாட்டிட்டேன். உள்ள இருந்தது இதுதான். நீங்க சுவிட்சை அணைச்சிருந்தா அன்னைக்கு வெடிச்சது அடுத்த வாரம் வெடிச்சிருக்கும். போன்ல நீங்க பதறிக்கிட்டுப் பேசுனீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. சுவிட்சை அணைச்சீங்களான்னு கேட்டேன். கேக்கும்போதே தெரியும், அது காரணம் இல்லன்னு. தெரிஞ்சுதான் கேட்டேன்."

செண்பகவல்லி பட்டையை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "பத்து நாளா நான் தூங்கல அண்ணாச்சி" என்றாள். சத்தமே போடவில்லை. அப்புறம் முக்காலியில் இருந்து எழுந்து போய்க் கட்டிலில் புருஷனின் காலடியில் உட்கார்ந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நயினாரின் விரல் அசைந்தது. ஒவ்வொரு எழுத்தாக வந்தது. மாசிலாமணி காத்திருந்தார். ஏதாவது ஆறுதலாக வரும் என்று ஒரு மூலையில் நம்பினார், பொய் சொல்வானேன்.

"இறங்குங்க" என்றது கம்ப்யூட்டர்.

டிக்கெட் இல்லாதவனைப் பாதி வழியில் இறக்கிவிடுகிற கண்டக்டரின் வார்த்தை. அதைக்கூட அவர் தன் குரலில் சொல்ல முடியாமல் போயிற்றே என்றுதான் மாசிலாமணிக்கு அதிகம் வலித்தது. எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

சாயந்தரம் கடைக்கு வந்தபோது டீச்சர் வேறொரு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தார். மாசிலாமணி எதிரே உட்கார்ந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"சொல்லிட்டேன் டீச்சர்."

"ம்."

"இறங்குங்கன்னுட்டாரு."

டீச்சர் தலையை நிமிர்த்தவில்லை.

"சொல்லிட்டா மனசு லேசாகும்னு நெனச்சேன். ஆகல. இன்னும் கூடத்தான் கனக்குது. அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

டீச்சர் ஒரு ஸ்க்ரூவைத் திருகி முடித்தார். "நீங்க கிளம்பும்போது அந்த அக்கா எங்க இருந்தாங்க?"

மாசிலாமணி யோசித்தார். "வாசல்ல நான் செருப்பை மாட்டும்போது கரண்டு போச்சு. யு.பி.எஸ் கத்துச்சு. திரும்பிப் பாத்தேன். அவங்க கட்டில்லயே உக்காந்திருந்தாங்க, அவரு காலைப் பிடிச்சுக்கிட்டு. அப்புறம் கரண்டு வந்துச்சு. அப்பவும் சுவிட்ச் பக்கம் போகல."

"எந்திரிக்கவே இல்லையா?"

"இல்ல டீச்சர்."

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அப்ப நீங்க சொன்னது வேலை செய்யுது அண்ணாச்சி."